சர்வருக்கு முதலில் பெயர் வையுங்கள்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகளுக்காகக் கணினி மையம் நடத்துகிறோம். 20 கணினிகள்; எல்லாவற்றிலும் லினக்ஸ். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு கணினியிலும் கணக்கு திறந்து அலுத்துவிட்டது. 8 ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினி ஒன்றில், சர்வராகப் பயன்படுத்த, ராக்கி லினக்ஸ் என்ற லினக்ஸ் வகையைப் போட்டிருக்கிறோம். அதில் ஃப்ரீஐபிஏ என்ற கணக்கு மேலாண்மை மென்பொருளை நிறுவி, எல்லாக் கணக்குகளையும் ஓரிடத்தில் வைக்க எண்ணம். முன்னதாக என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் அளவுக்கு 8 ஜிபி தாராளம். நிறுவுவது பெரிய வேலையே இல்லை. அதற்கு முந்தைய நாளைச் சர்வரின் பெயருக்கும் கடிகாரத்துக்கும் ஒதுக்குங்கள்.

பெயரில் ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஃப்ரீஐபிஏவில் உள்நுழைவைச் சரிபார்ப்பது கெர்பரோஸ் என்ற முறை. அது உங்கள் வலைக்கு வைக்கும் பெயர்தான் ரெல்ம்; வழக்கமாகச் சர்வர் பெயரின் பின்பகுதியிலிருந்து வரும். நிறுவிய பிறகு அதை மாற்ற முடியாது. பிடிக்கவில்லை என்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மையத்துக்குச் சொந்த இணைய முகவரி இருந்தால் அதன் கீழ் ஒரு கிளைப்பெயர் வையுங்கள். இல்லாவிட்டால், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு உள்வலைகளுக்கென்று 2024இல் ஒதுக்கிய ‘இன்டர்னல்’ என்ற முடிவு இருக்கிறது. ‘லோக்கல்’ என்று முடியும் பெயர் மட்டும் வேண்டாம். அது வேறொரு பெயர்தேடும் முறைக்கு உரியது, இரண்டும் முட்டிக்கொள்ளும்.

அடுத்து, கணினிப் பெயர்களையும் ஐபி எண்களையும் இணைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பைச் சர்வரில் திறந்து பாருங்கள். 127.0.0.1 என்று தொடங்கும் வரியில் சர்வரின் பெயரை யாராவது சேர்த்திருந்தால் எடுத்துவிடுங்கள். அது இருந்தால் நிறுவி அடம்பிடிக்கும். கீழே புதிய வரி ஒன்று: முதலில் 192.168.1.10 போன்ற நிலையான ஐபி எண், அடுத்து முழுப்பெயர், கடைசியில் குறும்பெயர். வரிசை மாறக்கூடாது. பெயர் முழுவதும் சிறிய எழுத்தில் இருக்கட்டும். ரவுட்டர் அந்த எண்ணை வேறு கணினிக்குத் தூக்கிக் கொடுக்காதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிக் கடிகாரம். கெர்பரோஸ், காலையில் ஆள் கணக்கெடுக்கும் தோட்டத்துப் பெரட்டுக் கிராணியைப் போன்றது: வழக்கமான அமைப்பில் 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுக்கும், அதற்கு மேல் போனால் பெயர் போடாது. சாயங்கால இடிமழையில் மின்சாரம் போய் வருகிறது. பழைய மதர்போர்டின் பேட்டரி செத்திருந்தால் கணினி எந்த வருஷத்திலோ விழித்தெழும். கடவுச்சொல் சரியாக இருந்தும் பிள்ளைகளால் உள்ளே நுழைய முடியாது. ஆகவே பேட்டரியை மாற்றுங்கள். சர்வரிலும் மற்ற கணினிகளிலும் நேரத்தைச் சரிசெய்யும் க்ரோனி என்ற நிரல் ஓடட்டும். ஒரு யுபிஎஸ் வாங்கினால் நல்லது.

இதில் ஒரு கண்ணுக்குத் தெரியாத பிழை உண்டு. நானே ஒருமுறை அரைநாள் தொலைத்தேன். நேர மண்டலம் உலகப் பொது நேரமான யுடிசியிலேயே கிடக்க, கைக்கடிகாரத்தைப் பார்த்து மணியைத் திருத்தியிருந்தேன். திரையில் மணி சரி. உள்ளே 8 மணி நேரம் தவறு, ஏனெனில் கெர்பரோஸ் யுடிசியில்தான் கணக்குப் பார்க்கிறது. மண்டலத்தைக் கோலாலம்பூர் என்று வைத்த பிறகே மணியைத் தொடுங்கள்.

சர்வரின் ஃபயர்வாலில் திறக்க வேண்டிய போர்ட் எண்கள் 80, 443, 389, 636, 88, 464. எல்லாம் டிசிபி என்ற தகவல் அனுப்பும் முறைக்கு; கடைசி இரண்டை மட்டும் யுடிபி என்ற இன்னொரு முறைக்கும் சேர்த்துத் திறக்க வேண்டும். பெயரை ஐபி எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் பொறுப்பையும் சர்வரிடமே கொடுத்தால் 53உம் அப்படியே. எல்லாம் மையத்துக்குள் மட்டும். ரவுட்டர் வழியாக இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். புதிய வகை ஐபி எண்முறையான ஐபிவி6ஐச் சர்வரின் கர்னலில் (லினக்ஸின் உட்கருவில்) அணைத்திருந்தால் திரும்பப் போடுங்கள். அந்தக் கணினியில் ஏற்கெனவே வலைத்தளம் ஏதாவது ஓடினால் அதை வேறிடத்துக்கு மாற்றுங்கள்.

பழைய கணக்குகளை மறந்துவிடாதீர்கள். இப்போது ஒவ்வொரு கணினியிலும் கணக்குகளின் உள் எண்கள் வழக்கமாக 1000இல் தொடங்கும். கணினிக்குக் கணினி அதே எண் வேறு பிள்ளையைக் குறிக்கும். ஃப்ரீஐபிஏ லட்சக்கணக்கில் தொடங்கும் புதிய எண்களைக் கொடுக்கும். கோப்புகளின் உரிமை பெயரில் இல்லை, எண்ணில் இருக்கிறது. அதனால் யாருடைய கோப்புறை எந்தக் கணினியில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி, கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டுப் பழைய கணக்குகளை நீக்குங்கள். புதிய கணக்கில் பிள்ளை ஒருமுறை நுழைந்த பிறகு கோப்புகளைத் திருப்பி வைத்து, உரிமையைப் புதிய எண்ணுக்கு மாற்றிக் கொடுக்கலாம்.