டெக்சாஸ் தேர்வும் திருச்சி அப்பாவும்

கேள்வி: அக்கா, நான் டெக்சாஸில் பிளேனோவில் இருக்கிறேன். கணவர் வேலை விசாவில் இருப்பதால் கிடைத்த எச்4 விசா. இஏடி என்கிற வேலை அனுமதி அட்டை கைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. லைஃப், ஹெல்த் இரண்டும் விற்கிற இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் லைசென்ஸுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். அப்பா திருச்சியில் முப்பது வருடம் எல்.ஐ.சி. ஏஜென்ட். பாலிசிப் பேச்சைக் கேட்டே வளர்ந்தவள் நான். அப்படியிருந்தும் மாதிரித் தேர்வில் 62ஐத் தாண்ட முடியவில்லை. என்னை இந்தத் தொழிலுக்குக் கூப்பிட்ட அண்ணா ஒருவர், “ஒரு வாரம் போதும், எல்லாம் காமன் சென்ஸ்” என்கிறார். உண்மையில் தேர்வு எப்படி இருக்கும்? இரண்டு பகுதி என்கிறார்களே, தனித்தனியாகப் பாஸ் ஆக வேண்டுமா? எதை விடலாம், எதை விடக் கூடாது?
– வாசகி, பிளேனோ

பதில்: அந்த அண்ணா எத்தனை தடவை எழுதிப் பாஸ் ஆனார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நானும் இப்படி ஒருவர் சொன்னதை நம்பிப் போய், முதல் தடவை 68 வாங்கி வெளியே வந்தவள்தான். வேண்டியது 70.

உங்களுக்கு இன்ஷூரன்ஸ் தெரியாமல் 62 வரவில்லை. ஊர் இன்ஷூரன்ஸ் நன்றாகத் தெரிந்திருப்பதால்தான் வருகிறது. அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் தேர்வின் அமைப்பு.

இந்தியாவில் காப்பீட்டைக் கட்டுப்படுத்த ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்று ஒரே அமைப்பு. திருச்சியில் எழுதிய தேர்வு டெல்லியிலும் செல்லும். அமெரிக்காவில் 1945ஆம் ஆண்டின் மெக்காரன்–ஃபெர்குசன் சட்டம் காப்பீட்டைக் கட்டுப்படுத்தும் வேலையை மாநிலங்களிடமே விட்டுவிட்டது. அதனால் தேர்வும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் பிஎஸ்ஐ என்ற நிறுவனம் நடத்துகிறது, 60 எடுத்தால் போதும். டெக்சாஸில் பியர்சன் வியூ என்ற நிறுவனம் நடத்துகிறது, 70 வேண்டும். ஃப்ளோரிடாவில் லைஃப், ஹெல்த் சேர்ந்த லைசென்ஸுக்கு 60 மணி நேர வகுப்பு கேட்பார்கள். டெக்சாஸில் உங்கள் லைசென்ஸுக்கு வகுப்புக் கட்டாயம் இல்லை. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் புத்தகத்தைப் புரட்டிவிட்டு நேராகப் போய் உட்காரும் கூட்டம் இங்கே அதிகமாக இருப்பதும் அதனால்தான். கலிஃபோர்னியா சான் ஹோசேயில் இருக்கிற தோழி அனுப்பிய நோட்ஸை வைத்துப் படிக்கிறீர்கள் என்றால் பாதியை இப்போதே மூடி வையுங்கள்.

டெக்சாஸில் ஒரே தேர்வு, ஒரே மதிப்பெண். பொதுப் பகுதி பெரியது, டெக்சாஸ் சட்டப் பகுதி சிறியது. இரண்டையும் தனித்தனியாகப் பாஸ் ஆகச் சொல்லும் மாநிலங்கள் உண்டு; உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. இரண்டரை மணி நேரம், கணினியில், எல்லாமே நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. தப்புக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள், ஆகவே ஒன்றையும் காலியாக விடாதீர்கள். நடுநடுவே மதிப்பெண்ணில் சேராத சில கேள்விகளும் இருக்கும். வருங்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கிறார்கள். எது என்று சொல்ல மாட்டார்கள். கேள்விப்பட்டே இராத ஒன்று வந்தால் அது அந்த ரகமாகவும் இருக்கலாம். வியர்க்க வேண்டாம், ஒன்றைக் குறித்துவிட்டு நகருங்கள். 70 என்பதும் நூற்றுக்கு எழுபது கேள்வி என்று நேராக அர்த்தமில்லை. கேள்வித்தாளின் கடினத்தைப் பார்த்துச் சரிக்கட்டிய எண் அது. பாஸ் ஆனால் ‘பாஸ்’ என்று மட்டும் தாள் வரும். தோற்றால்தான் எந்தப் பாடத்தில் எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பார்கள். என் முதல் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

எதை விடலாம் என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் பியர்சன் வியூ தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. டெக்சாஸ் கையேட்டில் ‘கன்டென்ட் அவுட்லைன்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொரு பாடத்திலிருந்தும் எத்தனை கேள்வி என்று அதிலேயே போட்டிருப்பார்கள். பாலிசி வகைகள், ரைடர்கள் என்கிற கூடுதல் சலுகைகள், விண்ணப்பமும் அதைக் கம்பெனி பரிசீலிக்கிற அண்டர்ரைட்டிங்கும், வரியும் ஓய்வூதியமும் என்று வரிசையாகப் போகும். அதை அச்செடுத்துப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். ஐந்தாறு கேள்வி வருகிற அத்தியாயத்துக்கு நான் நான்கு நாள் உட்கார்ந்திருந்தேன், ஏனென்றால் அது எனக்குப் பிடித்த அத்தியாயம்.

இனி அப்பா விஷயம்.

ஊரில் நாமினி என்கிறோம். அவர் பணத்துக்குச் சொந்தக்காரரா, வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவரா என்று கோர்ட் வரை போன பேச்சு அது. பெற்றோர், மனைவி அல்லது கணவர், பிள்ளைகளை நாமினியாகப் போட்டால் பணம் அவர்களுக்கே என்று 2015 திருத்தத்தில்தான் தெளிவாக வந்தது. இங்கே பெனிஃபிஷியரி என்றால் பணம் அவருடையது. அதிலும் முதலில் பிரைமரி, அவர் இல்லாவிட்டால் கன்டின்ஜென்ட் என்று வரிசை. மாற்றக்கூடியவர், அவர் சம்மதமில்லாமல் மாற்ற முடியாதவர் என்று இரண்டு வகை. காப்பீடு எடுத்தவருக்கு முன்பே பிரைமரி இறந்துவிட்டால் பணம் யாருக்கு என்று கேட்பார்கள். ‘அவருடைய வாரிசுகளுக்கு’ என்று ஒரு விடை இருக்கும். நம் கை தானாக அங்கே போகும். சரியான விடை கன்டின்ஜென்ட் பெனிஃபிஷியரி.

போனஸ் இன்னொன்று. எல்.ஐ.சி.யில் போனஸ் பாலிசித் தொகையோடு சேர்ந்துகொண்டே போகும். இங்கே அந்த இடத்தில் டிவிடெண்ட். அதைக் கட்டிய பிரீமியத்தில் திரும்பி வந்த பணமாகத்தான் பார்க்கிறார்கள், அதனால் பொதுவாக வரி இல்லை. அதைக் கம்பெனியிடமே விட்டுவைத்து வட்டி வந்தால் வட்டிக்கு வரி உண்டு. இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே இரண்டு மூன்று விதமாகக் கேட்பார்கள்.

ஹெல்த் பகுதிதான் எல்.ஐ.சி. வீட்டுப் பிள்ளைகளைக் கவிழ்க்கும் இடம். டிடக்டபிள், அதாவது நோயாளி முதலில் தானே கட்ட வேண்டியது, 1,000 டாலர்; அதன் பிறகு கம்பெனியும் நோயாளியும் பங்கிடும் கோஇன்ஷூரன்ஸ் 80/20, பில் 6,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 1,000 நோயாளியுடையது. மீதி 5,000இல் இருபது சதவீதம், இன்னொரு 1,000. ஆக அவர் கையிலிருந்து போவது 2,000. மொத்த 6,000க்கும் இருபது சதவீதம் போட்டு 1,200 என்று குறித்தால் அந்த எண்ணும் விடைகளில் தயாராக உட்கார்ந்திருக்கும். கணக்கு மனக்கணக்குதான், வரிசைதான் முக்கியம். இதோடு ஹெச்எம்ஓ, பிபிஓ என்கிற இரண்டு வகை மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களின் வித்தியாசம், 65 வயதில் வரும் அரசுக் காப்பீடான மெடிகேர், வேலை போனவருக்கு 18 மாதம் குழுக் காப்பீட்டைத் தொடரவிடும் கோப்ரா (20 பேருக்கு மேற்பட்டோ, சரியாக 20 பேரோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு) எல்லாம் எண்ணோடு மனப்பாடம் ஆக வேண்டும். இவற்றில் எதையும் நாம் ஊரில் பார்த்ததில்லை.

டெக்சாஸ் பகுதியை எல்லோரும் கடைசி இரவுக்கு ஒதுக்குவார்கள். அது தப்பு. சிறிய பகுதிதான், ஆனால் படித்தால் அப்படியே மதிப்பெண் விழும் இடம். இங்கே இன்ஷூரன்ஸ் கமிஷனரைக் கவர்னர் நியமிக்கிறார், கலிஃபோர்னியாவில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். இப்படிச் சின்னச் சின்னதாக இருக்கும். கம்பெனி திவாலானால் பாலிசிதாரரைக் காப்பாற்ற கேரண்டி அசோசியேஷன் என்று ஒன்று உண்டு. சரி, வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லிப் பாலிசி விற்கலாமா? கூடாது. உண்மையைத்தானே சொல்கிறோம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, தப்பாகக் குறித்தேன். உங்கள் அண்ணாவின் காமன் சென்ஸ் தோற்கும் இடம் இதுதான்.

கேள்வியின் ஆங்கிலமும் ஒரு பொறி. ‘பின்வருவனவற்றில் எது தவிர’ என்று ‘எக்ஸெப்ட்’ போட்டு நிறைய வரும். மூன்று விடைகள் சரியாக இருக்கும், முதல் விடையைப் பார்த்ததும் “ஆமாம், இது சரிதானே” என்று அழுத்திவிடுவோம். அழித்து எழுதும் பலகை ஒன்று தருவார்கள்; அப்படிப்பட்ட கேள்வி வந்ததும் அதில் சரிக்கு ச, தப்புக்கு த என்று நான்கையும் எழுதிவிட்டுப் பிறகு மவுஸைத் தொடுங்கள். இரண்டாம் தடவை என்னைக் கரையேற்றியது இந்தப் பழக்கம் ஒன்றுதான் என்றே நினைக்கிறேன்.

மாதிரித் தேர்வை மறுபடி மறுபடி எழுதி 62ஐ 80 ஆக்காதீர்கள். கேள்விகள் பழகிப் போய் வரும் 80 அது. தப்பானவற்றை மட்டும் எடுத்து, தெரியாமல் போனது, சரியாகப் படிக்காமல் போனது, ஊர் ஞாபகத்தில் போனது என்று மூன்றாகப் பிரியுங்கள். மூன்றாவது குவியல்தான் பெரிதாக இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

தேதி பதிவு செய்வதற்கு முன் ஒரு காரியம். நம் ஆட்களுக்கு இனிஷியல், அப்பா பெயர், சர்நேம் காலி என்று எத்தனையோ கூத்து. பாஸ்போர்ட்டில் சர்நேம் இல்லாமல் வந்து, விசாவில் ‘எஃப்என்யூ’ என்று முதல் பெயராக விழுந்தவர்களை எனக்கே தெரியும். தேர்வுக்குப் பதியும் பெயரும் டிரைவிங் லைசென்ஸில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இல்லாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கட்டிய பணமும் போகும். பாஸ் ஆன பிறகு கைரேகை, விண்ணப்பம், 50 டாலர் கட்டணம். அதெல்லாம் தானாக நடக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், அதற்குள் 24 மணி நேரத் தொடர் கல்வி. பங்குச்சந்தையோடு சேர்ந்த வேரியபிள் பாலிசி விற்க இந்த லைசென்ஸ் மட்டும் போதாது, தனியாகப் பங்குப்பத்திரத் தேர்வும் உண்டு. அண்ணா இதைச் சொல்லியிருக்கிறாரா?

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். கமிஷனில் பங்கு கொடுத்து ஆளைப் பிடிக்கும் ரிபேட்டிங் என்ற அத்தியாயத்தில் ஒரு கேள்வி வரும்: வாடிக்கையாளரைப் பிடிக்க ஏஜென்ட் தன் கமிஷனிலிருந்து முதல் பிரீமியத்தைக் கட்டலாமா? டெக்சாஸில் கூடாது. ஊரிலும் 1938ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 41ஆம் பிரிவில் கூடாது என்றுதான் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவிடம் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். சிரிப்பாரா, பேச்சை மாற்றுவாரா என்று எனக்கு எழுதுங்கள்.