காலரா நோயாளியே இல்லாதபோது அந்தக் கிருமி எங்கே இருக்கிறது?

காலரா என்பது விப்ரியோ காலரே என்ற பாக்டீரியாவால் வரும் கடும் வயிற்றுப்போக்கு. ஆனால் இந்தக் கிருமி மனிதரை மட்டும் நம்பிப் பிழைப்பதில்லை. ஆறு கடலில் சேரும் இடத்து லேசான உப்பும் வெதுவெதுப்பும் அதற்குப் போதும். அங்கே மிதக்கும், அரிசிமணியைவிடச் சிறிய கோப்பிபாட் உயிரிகளின் மேலோட்டில் ஒட்டிக்கொண்டு, அந்த ஓட்டையே தின்னும். குளிரோ பட்டினியோ வந்தால் சுருங்கி முடங்கிவிடும். பரிசோதனைக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தாலும் வளராது. ஆனால் செத்துவிடவில்லை, நல்ல சூழல் வந்தால் மறுபடி எழும். எரித்த லாலாங் புல் மழைக்கு மறுபடி துளிர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான்.

வங்கதேசக் கிராமங்களில் பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்துத் தண்ணீரை வடிகட்டியபோது காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. துணியில் சிக்கியது தனிக் கிருமி அல்ல, அது ஒட்டியிருந்த உயிரிகள்!

சரி, நமக்கு எப்படி வரும்? அசுத்தத் தண்ணீர் வழியாக, அல்லது பினாங்கில் நாம் விரும்பிச் சாப்பிடும் கெராங் சிப்பி அரைவேக்காடாக இருந்தால் அதன் வழியாக. குடலில் அது விடும் நச்சு, உடம்பின் நீரையும் உப்பையும் வெளியே கொட்டவைக்கும். அந்தக் கழிவு ஆற்றில் கலந்தால் அடுத்தவருக்கும் பரவும்.

அப்புறம், ஐஸ் கட்டியில் கிருமி செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சாகாது, தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சாகும்.