ஜலதோஷம் மட்டும் ஏன் திரும்பத் திரும்ப?

கேள்வி: தட்டம்மை ஒருமுறை வந்தால் மறுபடி வருவதில்லை, ஜலதோஷம் மட்டும் ஏன் விடுவதில்லை?

பதில்: முதல்முறை தட்டம்மையை எதிர்த்துப் போராடிய வெள்ளணுக்களில் சில, நினைவு செல்களாக உடம்பிலேயே தங்கிவிடுகின்றன, அதே கிருமி மறுபடி நுழைந்தால் நோய் தலைதூக்கும் முன்பே கதை முடிந்துவிடும். எத்தனை நாள் தாங்கும் என்கிறீர்களா? 1846-ல் வட அட்லாண்டிக் கடலில் இருக்கும் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை ஊர் ஊராகப் பரவியபோது, 1781-ல் அது வந்து பிழைத்த கிழவர்களை மட்டும் தொடவே இல்லை என்று பீட்டர் பானும் என்ற டாக்டர் எழுதி வைத்திருக்கிறார். 65 வருடம்! ஜலதோஷம் வேறு விஷயம். அதை அதிகம் வரவழைக்கும் ரைனோவைரஸ் என்ற கிருமியில் மட்டுமே 100-க்கு மேல் வகைகள், ஒன்றை அடையாளம் கண்டுகொண்டால் இன்னொன்று வந்து நிற்கும். ஒருமுறை வந்தால் மறுபடி வராதே என்பதற்காகத் தட்டம்மையை வரவழைத்துக்கொள்ளாதீர்கள், அது மற்ற நோய்களுக்கான நினைவு செல்களையும் அழித்துவிடும். தடுப்பூசியில் அந்த வம்பு கிடையாது.