வெண்டையிலும் மிளகாயிலும் பூச்சி. கடை மருந்து இல்லாமல் வீட்டிலேயே என்ன தெளிக்கலாம்?

எங்கள் வீடு பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, தமிழ்நாட்டு எல்லையோரம். ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டுச் சண்டை தமிழில். கொல்லையில் ஏழு சென்டில் வெண்டை, மிளகாய், கத்தரி, ஒரு பந்தல் பாவக்காய். உங்களைப் போலத்தான் நானும் கண்டதையெல்லாம் கரைத்து அடித்துப் பார்த்தேன். இன்று மிஞ்சியிருப்பது ஒரே கலவை.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி வேப்பெண்ணெய், 20 கிராம் பூண்டு, 5 கிராம் பார் சோப்பு. கேரளத்தில் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் பலருக்கும் மனப்பாடமான அளவு இது. சோப்பைச் சீவி வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பால்போல வெளுக்கும்வரை கலக்குங்கள். பூண்டை அரைத்துத் துணியில் வடிகட்டிச் சேருங்கள். வடிகட்டச் சோம்பினால் ஸ்பிரேயர் மூக்கு அடைத்துக்கொள்ளும், அப்புறம் ஊசியும் கையுமாகத் திண்ணையில் உட்கார வேண்டியதுதான். மேலே எண்ணெய் மிதந்தால் தெளிக்காதீர்கள். அது பட்ட இடம் கருகும். சோப்புக்குப் பதில் துணி பவுடர் போட்டு, அதையும் உச்சி வெயிலில் அடித்து, ஒரு வரிசை மிளகாயைப் பொசுக்கியவன் நான். இளங்கன்றுக்கு எண்ணெயும் சோப்பும் பாதி போதும். முதலில் ரெண்டு இலையில் அடித்து ஒருநாள் பாருங்கள். மீந்ததை எடுத்து வைக்க வேண்டாம்.

வேப்பெண்ணெய் பட்டதும் பூச்சி செத்து விழும் என்று நினைத்துத்தான் பலர் மூன்றாம் நாளே ‘இது வேலைக்காகாது’ என்று விட்டுவிடுகிறார்கள். அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சியைத் தின்னவிடாது, தோலுரித்து வளரவிடாது. அதற்குச் சில நாள் பிடிக்கும். வெயிலில் சீக்கிரம் சிதைந்தும் போகும், அதனால் சாயங்காலம்தான் அடிக்க வேண்டும். இலைச் சாற்றை உறிஞ்சும் அசுவினி உடனே சாகிறதே என்றால், அது பெரும்பாலும் சோப்பின் வேலை. சோப்பு ஈரமாக உடம்பில் பட்டால்தான் கொல்லும். பூச்சியோ இலைக்கு அடியில் இருக்கிறது. இலையைத் திருப்பிப் பிடித்து அடிக்காதவர் பாட்டில் பாட்டிலாகக் கலக்கினாலும் வீண். எங்கள் ஊரில் மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது தெளிப்பதே பாதி பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். காற்று அடங்கும்வரை காத்திருப்பேன்.

புகையிலைக் கஷாயம் வேண்டாம். இயற்கைதானே என்று எங்கள் மாமா வெறுங்கையால் பிழிந்து, அரைமணி நேரம் தலைசுற்றிப் படுத்தார். நிகோடின் தோல் வழியாகவே ஏறும் விஷம். போதாததற்குப் புகையிலையில் வரும் தேமல் வைரஸ் தக்காளிக்கும் மிளகாய்க்கும் தாவக்கூடியது. வெண்டை இலையில் நரம்பு மஞ்சளாக ஓடியிருந்தால் அதுவும் வைரஸ்தான், வெள்ளை ஈ கொண்டு வருவது. அந்தச் செடியை எந்தக் கரைசலும் தேற்றாது. பிடுங்கிவிடுங்கள்.

என் பெரிய தவறு வேறு. கத்தரியில் மாவுப்பூச்சி என்று ஒருமுறை நனைய நனைய அடித்தேன். பக்கத்து வீட்டுச் சேச்சி வந்து பார்த்துவிட்டு, “ஐயோ மோனே, இது ஓடுதே!” என்றார். மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் புழுவும் அதேபோல வெள்ளைப் பஞ்சு போர்த்தியிருக்கும். உருவில் பெரிது, சுறுசுறுப்பாக நகரும். காவல்காரனைக் கொன்றிருக்கிறேன். 2008-ல் கோயம்புத்தூரில் முதலில் தெரியவந்து, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வெளுக்கவைத்த பப்பாளி மாவுப்பூச்சி நினைவிருக்கிறதா? அதை அடக்கியது மருந்து அல்ல, 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு குளவி. அதனால் வாராவாரம் ‘சும்மா ஒரு பாதுகாப்புக்கு’ அடிப்பதை நிறுத்திவிட்டேன். இப்போது முதலில் பார்ப்பது தண்டில் எறும்பு ஏறுகிறதா என்று. அசுவினி கழிக்கும் தேன்போன்ற கழிவுக்காக எறும்பு அதைக் கட்டிக் காக்கும், பொறிவண்டை விரட்டும். கொஞ்சமாக இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே அசுவினி உதிர்ந்துவிடும்.

பாவக்காய் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பழ ஈயின் புழு காய்க்குள் இருப்பதால் மேலே தெளிப்பது அதைத் தொடவே தொடாது. பூ உதிர்ந்து பிஞ்சு விரல் நீளம் ஆனதும் பேப்பர் கூம்பு மாட்டிக் கட்டிவிடுவேன். எங்கள் பந்தலில் பாதி மலையாளப் பேப்பர், பாதி தமிழ்ப் பேப்பர் தொங்கும்.