பட்டறைப் பதில்கள்: லயத்துக்கு வந்த டாட்சன்

(சுங்கை சிப்புட்டில் பட்டறை வைத்திருக்கும் நம் போமன், அதாவது கார் பழுதுபார்ப்பவர், வாசகர்களின் கார் கேள்விகளுக்கு மாதந்தோறும் பதில் எழுதுகிறார். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டாட்சன், நிசான் பற்றியவை.)

கேள்வி: ஐயா, அப்பா வாங்கிய டாட்சன் 120ஒய் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒன்பது ஆண்டாக நிற்கிறது. அப்பா தவறிய பிறகு யாரும் அதற்குச் சாவி போடவில்லை. போன வாரம் ஒருவர் வந்து, "ஓடாத காடிதானே, எண்ணூறு வெள்ளிக்குத் தருகிறீர்களா?" என்று கேட்டார். அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். புது பேட்டரி போட்டுக் கிளப்பிப் பார்க்கலாமா?
– வாசகர், பீடோர்

பதில்: தம்பி, பேட்டரி வாங்க வேண்டாம். சாவியையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். ஒன்பது ஆண்டு நின்ற இன்ஜினில் சிலிண்டர் சுவர் காய்ந்துபோயிருக்கும். பிஸ்டன் ரிங் துருவோடு ஒட்டியிருக்கலாம். அந்த நிலையில் ஸ்டார்ட்டர் மோட்டார் பிடித்து இழுத்தால் ரிங் உடையும், சிலிண்டரில் கீறல் விழும். நல்ல இன்ஜினை ஒரு நிமிட அவசரத்தில் கெடுத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். முதலில் நாலு பிளக்கையும் கழற்றுங்கள். எந்த ஒயர் எந்தப் பிளக்குக்குப் போனது என்று டேப்பில் நம்பர் எழுதி ஒட்டிவையுங்கள். இந்த இன்ஜினில் பிளக்குகள் 1-3-4-2 என்ற வரிசையில் தீப்பொறி விடும். ஒயர் மாறிவிட்டால் நாள் முழுக்கச் சுற்றினாலும் கிளம்பாது. ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் இரண்டு தேக்கரண்டி இன்ஜின் எண்ணெய் ஊற்றி, இரண்டு ராத்திரி அப்படியே விடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, முன்பக்கம் கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பானரைப் போட்டுக் கையால் திருப்புங்கள். முதலில் கல்லுக்குள் மாட்டிய மாதிரி இருக்கும். பலம் கொடுக்காதீர்கள். கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால் என்று அசைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பிசுக்கென்று கால் அங்குலம் இளகும். அது கைக்கு நன்றாகத் தெரியும். அங்கேயே நிறுத்தி இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி மறுநாள் தொடருங்கள். தடையில்லாமல் இரண்டு முழுச் சுற்று வந்தால் உங்கள் இன்ஜின் பிழைத்துவிட்டது.

டாங்க்கில் கிடக்கும் பெட்ரோல் இப்போது பெட்ரோல் இல்லை. திறந்தால் வார்னிஷ் வாடை அடிக்கும். டாங்க்கை இறக்கி வடித்து, கழுவி, வெயிலில் காயவைத்துத்தான் மாட்ட வேண்டும். ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். அதில் காசு பார்க்க வேண்டாம்.

பிரேக்கைத் தொடாமல் வீட்டு வாசலைத் தாண்டாதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் சொந்த 120ஒய்க்கு வெளியூர்க் கடை ஒன்றில் பிரேக் எண்ணெய் ஊற்றச் சொன்னேன். அவர்கள் வேறு எண்ணெயை ஊற்றிவிட்டார்கள். பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருந்த ரப்பர் எல்லாம் ஊதிப்போய், லிந்தாங் சாலையில் வரும்போது சக்கரங்கள் தானாகப் பிடிக்க ஆரம்பித்தன. டிரம்மில் கை வைக்க முடியாத சூடு. பின் சீட்டில் என் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். நல்லவேளை, மெதுவாக வந்துகொண்டிருந்தேன். அதனால்தான் சொல்கிறேன்: மாஸ்டர் சிலிண்டர், நாலு சக்கரத்து ரப்பர்கள், ஹோஸ், எண்ணெய் எல்லாம் புதிது. பழசு எதுவும் வேண்டாம்.

அப்புறம் துரு. இன்ஜினைவிட இதைத்தான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டும். டிரைவர் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட்டைத் தூக்கி, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டுங்கள். 'டங்' என்று கேட்டால் தகரம் இருக்கிறது. 'தொப்' என்று கேட்டால் வெறும் பெயிண்டும் துருவும்தான். பேட்டரி உட்காரும் தட்டு, முன் கண்ணாடியின் கீழ் விளிம்பு, பின்னால் பட்டைச் ஸ்பிரிங் வந்து சேரும் இடம், இவற்றையும் தட்டிப் பாருங்கள். ஸ்பிரிங் சேரும் இடம் போயிருந்தால் வெல்டிங் தெரிந்த நல்ல கையிடம் கொடுக்க வேண்டும்.

அந்த ஆளுக்கு இப்போது பதில் சொல்ல வேண்டாம். அடித்தட்டு திடமாக இருக்கும் 120ஒய்யைத் தேடி அலைகிறவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். காரின் கிராண்ட் (பதிவு அட்டை) இன்னும் அப்பா பெயரில் இருந்தால், ஜேபிஜே என்ற சாலைப் போக்குவரத்து இலாகாவில் பெயர் மாற்றும் வேலையை முதலில் ஆரம்பியுங்கள். அதற்குத்தான் நாளாகும். விற்பதா, வேண்டாமா என்பதை அம்மாவிடம் கேளுங்கள். அவர் உள்ளே எழுந்து போனதிலேயே பதில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

கேள்வி: தாத்தா 'டாட்சன்' என்கிறார், அப்பா 'நிசான்' என்கிறார். இரண்டும் ஒரே கம்பெனியா? பெயர் ஏன் மாறியது?
– கல்லூரி மாணவி, சுங்கை பட்டாணி

பதில்: தாத்தா சொல்வதும் சரி, அப்பா சொல்வதும் சரி அம்மா. டாட்சன் மூத்த பெயர். 1911ல் தோக்கியோவில் ஹஷிமோத்தோ மசுஜிரோ என்ற பொறியாளர் ஒரு சிறிய கார்ப் பட்டறையைத் தொடங்கினார். அவருக்குப் பணம் போட்டுத் தாங்கியவர்கள் டென், ஆவோயாமா, தக்கேவுச்சி என்ற மூவர். 1914ல் செய்த காருக்கு, ஆங்கிலத்தில் அந்த மூவர் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'டாட்' என்று பெயர் வைத்தார். கை கொடுத்தவர்களின் பெயரைக் காரின் நெற்றியில் எழுதிய அந்த மனிதர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

1931ல் இன்னும் சின்னதாக ஒரு கார் செய்தார்கள். டாட்டின் மகன் என்ற பொருளில், மகனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்து டாட்சன் என்றார்கள். ஆனால் ஜப்பான் மொழியில் 'சொன்' என்றால் நஷ்டம். புதுக் காருக்கு யார் அப்படிப் பெயர் வைப்பார்கள்? அடுத்த ஆண்டே ஒரு எழுத்தை மாற்றிச் சூரியனைக் குறிக்கும் 'சன்' ஆக்கிவிட்டார்கள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், அதனால் நமக்கு இந்த மாற்றம் தெரிவதில்லை.

1933ல் அந்தக் கார் தொழில் அயுகாவா யோஷிசுகே என்ற பெரிய தொழிலதிபரின் கைக்கு வந்தது. அவருடைய கம்பெனியின் பெயர் நிஹோன் சங்யோ. அதன் சுருக்கம்தான் நிசான். 1934ல் நிசான் மோட்டார் என்று பெயர் வைத்தார்கள். ஆக, கம்பெனி நிசான், அது செய்த சின்னக் கார் டாட்சன்.

நம் நாட்டுக்கு வந்த கதையும் அழகானது. 1957ல், மலாயா சுதந்திரம் பெற்ற அதே ஆண்டு, டான் சோங் சகோதரர்கள் டாட்சன் கார்களை இறக்குமதி செய்து விற்கும் உரிமையைப் பெற்றார்கள். 1976ல் கோலாலம்பூர் செகாம்புட்டில் பாகங்களைப் பூட்டிக் கார் செய்யும் அவர்களுடைய ஆலை திறந்தது.

120ஒய்யில் உள்ள அந்த '120'க்குப் பின்னால் ஒரு போட்டி இருக்கிறது. 1966ல் நிசான் ஒரு குடும்பக் கார் கொண்டுவந்தது. பெயர் வைக்கச் சொல்லி மக்களிடமே கேட்டார்கள். 80 லட்சத்துக்கு மேல் கடிதங்கள் வந்தன. அப்படி வந்த பெயர்தான் சன்னி. அதன் இன்ஜின் 1000 சிசி. அதே ஆண்டு டொயோட்டா, 100 சிசி கூடுதல் என்று சொல்லியே கொரோலாவை இறக்கியது. நிசானுக்கு அது உறைத்தது. 1970ல் சன்னிக்கு 1200 சிசி இன்ஜின் போட்டு, பக்கத்துக் கார் சிறியதாகத் தெரிகிறது என்று விளம்பரம் செய்தது. அந்த ஏ12 இன்ஜினின் சரியான அளவு 1171 சிசி. 1973ல் வந்த அடுத்த சன்னியில் அதே இன்ஜின் இருந்தது. நாம் 120ஒய் என்று சொல்வது அதைத்தான். அந்த ஆண்டு அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்து உலகமே பெட்ரோலை எண்ணி எண்ணி ஊற்றியது. குறைவாகக் குடிக்கும் சின்னக் காருக்கு அதைவிட நல்ல நேரம் அமையாது.

1981ல், உலகம் முழுக்க நிசான் என்ற ஒரே பெயரில் விற்பது என்று முடிவெடுத்தார்கள். 1986க்குள் டாட்சன் என்ற பெயர் முழுக்கப் போய்விட்டது. 2013ல் புது டில்லியில் 'டாட்சன் கோ' என்ற காரைக் காட்டிப் பெயரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2022ல் அதையும் நிறுத்திவிட்டார்கள். தாத்தா இன்னும் டாட்சன் என்றுதான் சொல்வார். விட்டுவிடுங்கள்.

கேள்வி: காலையில் 120ஒய் லேசில் கிளம்புவதில்லை. கிளம்பினாலும் பெட்ரோல் வாடை. கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார்கள்.
– வாசகர், பாகான் செராய்

பதில்: மாற்றுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கார்புரேட்டரின் பக்கவாட்டில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். அழுக்கேறிப் போயிருந்தால் துணியால் துடையுங்கள். உள்ளே பெட்ரோல் நிற்பது தெரியும். கண்ணாடியில் இருக்கும் குறியோடு அது ஒட்டி நிற்க வேண்டும். குறிக்கு மேலே ஏறியிருந்தால், பெட்ரோல் வரவை அடைக்கும் நீடில் வால்வு சரியாக மூடவில்லை, அதனால்தான் வாடை. வால்வை மட்டும் மாற்றினால் போதும். பெட்ரோல் சரியாக நின்றும் கிளம்பவில்லை என்றால், சோக் கேபிள் முழுக்க இழுக்கிறதா, தீப்பொறி வரச்செய்யும் பாயிண்ட் கருகியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: அண்ணே, நான் நிசான் வெனட் வேனில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிறேன். பள்ளி வாசலில் நெரிசலில் நிற்கும்போது சூடு ஏறுகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்கிறார்.
– வேன் ஓட்டுநர், சிம்மோர்

பதில்: தங்கச்சி, கழற்றாதீர்கள். தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் தண்ணீரின் சூட்டைப் பார்த்துத் திறந்து மூடும் வால்வு. ஓடும்போது நன்றாக இருந்து நிற்கும்போது மட்டும் சூடு ஏறினால், காற்று போதவில்லை என்று பொருள். முதலில் ஃபேனையும் ஃபேன் கிளட்ச்சையும் பாருங்கள். அடுத்து ரேடியேட்டர். செம்மண் சாலையில் ஓடும் வேனின் ரேடியேட்டருக்கு முன்னால் புழுதி சேர்ந்து அப்பம் மாதிரி ஆகிவிடும். பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மூடியை மாற்றுங்கள்.

உங்கள் வேனில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சூடு ஏறினால் உங்களுக்கும் முன்னால் உட்காரும் பிள்ளைக்கும்தான் ஆபத்து. முள் மேலே போனால் ஓரம் கட்டி, பிள்ளைகளை இறக்கி நிழலில் நிற்க வைத்துவிட்டுத்தான் வேனைப் பார்க்க வேண்டும். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கவே கூடாது. வாரம் ஒரு முறை, இன்ஜின் ஆறியிருக்கும்போது சீட்டைத் தூக்கித் தண்ணீரையும் எண்ணெயையும் பாருங்கள்.

கேள்வி: எத்தனையோ கார் இருக்க, உங்களுக்கு ஏன் டாட்சன்மேல் இவ்வளவு பிரியம்?
– வாசகர், பாகாவ்

பதில்: நாங்கள் லிந்தாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்தோம். அப்பா, அம்மா இருவரும் பால் வெட்டினார்கள். கார் என்பது மானேஜருக்கும் பெரிய கிராணிக்கும் உரியது. மற்றவர்களுக்கு சைக்கிள். 1983ல் லாரி ஓட்டிய எங்கள் சித்தப்பா, கூட்டுச் சீட்டு கட்டிய பணத்தை எடுத்து, மூன்று பேர் கை மாறிய ஒரு பச்சை 120ஒய்யை வாங்கி வந்தார். வாங்கியது அவர்தான், ஆனால் அது லயத்துக் கார் ஆகிவிட்டது. கல்யாணத்துக்குத் தாம்பூலம் வாங்கவும் ஈப்போ தைப்பூசத்துக்குப் போகவும் அதுதான்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் ஒரு ராத்திரி அண்ணிக்கு வலி எடுத்துவிட்டது. சித்தப்பா ஓட்ட, அம்மாவும் அண்ணியும் பின்னால், நான் முன்னால். தோட்டத்துப் பலகைப் பாலத்தின்மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பாலத்தைத் தாண்டியதும் கார் நின்றுவிட்டது. எனக்கு 17 வயது. அண்ணி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு முனகுவது கேட்டது. சித்தப்பா பதறவில்லை. என் கையில் டார்ச்சைக் கொடுத்து பானெட்டைத் திறந்தார். இரண்டு கிளிப்பைத் தட்டி, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினார். உள்ளே வியர்த்த மாதிரி நீர் முத்துகள். தோளில் கிடந்த துண்டின் காய்ந்த ஓரத்தைத் தேடி, அந்த நாலு பித்தளை முனைகளையும் நடுவில் இருந்த கரியையும் ஒவ்வொன்றாகத் துடைத்தார். மூடியை மாட்டிச் சாவியைத் திருப்பினார். இரண்டாவது சுற்றில் கிளம்பிவிட்டது. அண்ணன் மகள் அன்று விடியற்காலை ஆஸ்பத்திரியில் பிறந்தாள்.

மறுவாரம் அந்த மூடியைக் கேட்டு வாங்கி, படியில் உட்கார்ந்து திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு துண்டால் துடைத்துச் சரிசெய்ய முடிகிற பொருள், இரண்டு உயிரைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. அடுத்த மாதமே டவுனில் ஒரு சீனத் தவுக்கேயின் (முதலாளியின்) பட்டறையில் சேர்ந்தேன். அவர் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்ததும் ஏ12 இன்ஜின்தான். இன்ஜின் சூடாக இருக்கும்போதே வால்வு இடைவெளியை 0.35 மில்லிமீட்டருக்கு வைக்க வேண்டும். அளவு பார்க்கும் தகட்டை உள்ளே விட்டு இழுக்கும்போது, புத்தகத்துக்குள் இருந்து பக்கத்தை உருவுகிற மாதிரி ஒரு பிடிமானம் இருக்க வேண்டும் என்பார். என்னிடம் வரும் பையன்களுக்கு நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

டொயோட்டா நல்ல கார்தான். 1985ல் புரோட்டோன் சாகா வந்தபோது நாங்கள் எல்லாரும் பெருமைப்பட்டோம். ஆனால் மண்வெட்டியும் பால் கத்தியும் பிடித்த கைகள் தைரியமாகத் திறந்து பார்த்த முதல் இன்ஜின் டாட்சனுடையது.

கேள்வி: 120ஒய் உதிரிப் பாகங்கள் இன்னும் கிடைக்கிறதா?
– வாசகர், கோலக்கங்சார்

பதில்: பிளக், பாயிண்ட், ஃபில்டர், பிரேக் ரப்பர் எல்லாம் கிடைக்கும். கதவுக் கைப்பிடி, விளக்குக் கண்ணாடி, டாஷ்போர்டு போன்றவற்றுக்குப் பழைய கார் உடைக்கும் பொத்தோங் கடைகளில்தான் தேட வேண்டும். போகும்போது பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். போட்டோ காட்டி வாங்கி வந்தால் பாதி நேரம் பொருந்தாது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடி தேடுகிறீர்கள் என்றால் என் பட்டறைக்கு வாருங்கள். மைலோ டின்னில் மூன்று வைத்திருக்கிறேன். இரண்டு தருகிறேன்.