மார்பக நீக்க அறுவை சிகிச்சை: போவதற்கு முன் வீட்டில் என்ன ஏற்பாடு, வந்தபின் எப்படிப் பார்த்துக்கொள்வது?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: அம்மாவுக்கு 52 வயது, மார்பகப் புற்றுநோய், சர்க்கரையும் உண்டு. வலது மார்பையும் அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளையும் எடுக்க வேண்டும் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். பத்து நாள் கழித்துச் சேர வேண்டும். அப்பா படகுக்குப் போகிறவர். வீட்டில் என்னென்ன தயார் செய்வது?

தங்கச்சி, மார்பை எடுத்த இடத்துத் தையல் பெரும்பாலும் தானாக ஆறிவிடும். வீட்டில் உங்கள் கவனம் இருக்க வேண்டியது இரண்டு இடத்தில். ஒன்று, நெஞ்சிலிருந்து வெளியே வரும் குழாய். இன்னொன்று, அந்தப் பக்கத்துக் கை. குழாய் ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். கையை ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில்தான் அப்பா வீட்டில் இருப்பார், அப்போது வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். சித்தியையோ அத்தையையோ மூன்று வாரம் வந்து இருக்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்கு ஒருவர், வீட்டில் சமைக்க ஒருவர் என்று இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

போவதற்கு முன் பலரும் தவறவிடும் வேலை ஒன்று இருக்கிறது: தையல்கடை டேப்பால் இரண்டு கையையும் அளந்து எழுதிவைப்பது. மணிக்கட்டில் ஓர் அளவு, முழங்கைக்குக் கீழே 10 செ.மீ. தள்ளி ஓர் அளவு, மேலே 10 செ.மீ. தள்ளி ஓர் அளவு. நெறிக்கட்டியை எடுத்தபின் நிணநீர் வடியும் வழி குறைந்து கை வீங்கலாம், மாதங்கள் கழித்தும் வரலாம், வருடங்கள் கழித்தும் வரலாம். பழைய அளவு கையில் இருந்தால்தான் வீக்கத்தை ஆரம்பத்திலேயே பிடிக்க முடியும். பிறகு மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். முன்பு இருந்ததைவிட 2 செ.மீ. கூடினால் உடனே காட்ட வேண்டும்.

அம்மா வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர் என்றால் இன்றைக்கே நிறுத்துங்கள். நான்கு வாரம் முன்பே நிறுத்துவதுதான் நல்லது, இருக்கிற பத்து நாளும் உதவும். மார்பை எடுத்தபின் மேல்தோலை மெலிதாக இழுத்து மூடித் தைக்கிறார்கள். புகையிலை சிறு ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் அந்தத் தோலின் ஓரத்துக்கு ரத்தம் போதாமல் கறுத்துப்போகும். தையல் பிரிவதற்கு இது ஒரு பெரிய காரணம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதது இன்னொன்று.

மாத்திரைகளை எல்லாம் அட்டையோடு எடுத்துப்போய் மயக்க மருந்து டாக்டரிடம் காட்டுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை எப்போது நிறுத்துவது என்று அவர்தான் சொல்ல வேண்டும். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிட்டால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். வழக்கமாக மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், ஏனென்றால் பட்டினியில் அது ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டும். நாட்டு மருந்து, லேகியம் சாப்பிட்டாலும் மறைக்க வேண்டாம். பொதுவாகச் சாப்பாடும் பாலும் 6 மணி நேரம் முன்பும், தண்ணீர் 2 மணி நேரம் முன்பும் நிறுத்துவார்கள். உங்கள் ஆஸ்பத்திரி இதைவிடக் கூடுதல் நேரம் சொன்னால் அதன்படியே செய்யுங்கள்.

தாலி, மெட்டி, மூக்குத்தி, வளையல் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். பழைய மூக்குத்தித் திருகு கடைசி நேரத்தில் கழலாது, அதனால் ஆசாரியிடம் முன்பே போய்விடுங்கள். தாலியைக் கழற்ற மனம் வராவிட்டால் மஞ்சள் கயிறு மட்டும் இருக்கலாமா என்று வார்டு நர்ஸிடம் கேளுங்கள். நகப்பூச்சு, விரல் நுனி மருதாணி வேண்டாம், ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை அந்த விரலில்தான் மாட்டுவார்கள். அக்குள் முடியை வீட்டில் பிளேடால் மழிக்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறலில் கிருமி புகும். தேவையென்றால் ஆஸ்பத்திரியிலேயே மெஷினால் வெட்டிவிடுவார்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அட்டை இல்லாவிட்டால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். சேருவதற்கு முன் அனுமதி வாங்க பயாப்ஸி ரிப்போர்ட்டும் ஸ்கேனும் வேண்டும். இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

உடுப்புக்கு, முன்பக்கம் ஜிப் அல்லது பட்டன் வைத்த பருத்தி நைட்டி மூன்று, ஒரு அளவு பெரியதாக. தலை வழியாக மாட்டுவது எதுவும் ஆகாது. பழைய பருத்திச் சேலையைக் கிழித்துக் கைப்பிடி அளவில் சுருக்குப்பை இரண்டு தைத்து, நீள நாடா வைத்துவிடுங்கள். குழாயின் டப்பா அதில்தான் தொங்கப்போகிறது. நாடாவை இடுப்பிலோ கழுத்திலோ மாட்டலாம். எப்படி மாட்டினாலும் டப்பா நெஞ்சுக்குக் கீழேயே இருக்க வேண்டும்.

படுக்க, பாய் வேண்டாம். தரையிலிருந்து எழும்போது கையை ஊன்றித்தான் ஆக வேண்டும், அது வலிக்கும், தையலையும் இழுக்கும். கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்ந்திருந்தால் அதுவும் அதே பாடுதான். முழங்கால் உயரத்துக்கு ஒரு மரக்கட்டிலோ பெஞ்சோ கேட்டு வாங்கிப் போடுங்கள். முதுகுக்கு இரண்டு தலையணை, வலது கைக்கு அடியில் ஒன்று.

மதுரையிலிருந்து தங்கச்சிமடம் 150 கிலோமீட்டருக்கு மேல். திரும்பும் நாளில் காரில் சீட் பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவே சிறு தலையணை வையுங்கள். குழாய் பெல்ட்டுக்கு அடியில் மடங்கிவிடாமல் பாருங்கள். கிளம்புமுன் டப்பாவைக் காலி செய்து, பரமக்குடியில் இறங்கி ஒருமுறை பாருங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போதே, குழாய் எடுக்கவும் தையல் பிரிக்கவும் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாமா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சின்ன வேலைக்கு இத்தனை தூரம் அலைவது மிச்சம்.

இனி குழாய். நம் ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் ரோமோவாக் என்கிற, துருத்தி போல மடிப்பு மடிப்பாக உள்ள டப்பாவை மாட்டுவார்கள். அது அமுங்கி இருக்கும்வரைதான் உள்ளே தேங்கும் நீரை உறிஞ்சும். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, ஒரே நேரத்தில் காலி செய்யுங்கள். சோப்பால் கை கழுவி, முதலில் குழாயின் கிளிப்பை மூடுங்கள். மூடியைத் திறந்து, மருந்துக்கடையில் கிடைக்கும் மில்லி குறியிட்ட கப்பில் ஊற்றி அளந்து எழுதுங்கள். டப்பாவை இரண்டு உள்ளங்கையாலும் நன்றாக அமுக்கி, அமுக்கிய நிலையிலேயே மூடியை மூடி, அதன்பின் கிளிப்பைத் திறங்கள். கடைசிப் படியை மறந்து கிளிப்பைத் திறக்காமல் விடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. நீர் உள்ளேயே தேங்கி நெஞ்சு உப்பும், ‘குழாயில் ஒன்றும் வரவில்லை, ஆறிவிட்டது’ என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். அளந்ததைக் கக்கூஸில் ஊற்றித் தண்ணீர் விடுங்கள். முற்றத்தில் கொட்ட வேண்டாம்.

குழாயில் கட்டி ரத்தம் அடைத்தால், தோலை ஒட்டிய இடத்தை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கை விரல்களால் டப்பாவை நோக்கி வழித்துவிடுங்கள். பிடிக்காமல் வழித்தால் தையலோடு குழாய் இழுபடும். டப்பா அமுக்கியும் சிறிது நேரத்தில் தானே உப்பிக்கொண்டால் மூடி சரியாக அடைபடவில்லை, அல்லது குழாயின் ஓட்டை ஒன்று தோலுக்கு வெளியே வந்துவிட்டது என்று பொருள். இரண்டாவது என்றால் ஆஸ்பத்திரிதான்.

நிறம் முதலில் சிவப்பு, பிறகு ரோஸ், பிறகு வைக்கோல் நிறம் என்று மாறிவர வேண்டும். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே, தொடர்ந்து இரண்டு நாள் வந்தால் எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் 7 முதல் 14 நாளுக்குள் அது நடக்கும். எடுத்தபின்னும் அந்த இடத்தில் தண்ணீர்ப் பை போலத் தளும்பலாம். அது நோய் திரும்பியதல்ல. நிறைய இருந்தால் ஊசியால் உறிஞ்சிவிடுவார்கள், ஓரிரு முறை திரும்பவும் சேரும்.

குழாய் இருக்கும்வரை இடுப்புக்குக் கீழே குளியல், மேலே ஈரத்துணியால் துடைப்பு. காயத்தில் கிணற்றின் உப்புத்தண்ணீர் படவேண்டாம், கொதித்து ஆறிய குடிதண்ணீர் போதும். மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதுவும் தடவாதீர்கள். பார்க்க வருகிறவர்கள் விபூதி, ஓரியூர்ச் செம்மண், தர்காவில் ஓதிய எண்ணெய் என்று அன்போடு கொண்டுவருவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், நெற்றியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ராமேஸ்வரத்தின் 22 தீர்த்தமும் தேவிபட்டினம் நவபாஷாணமும் காயம் முழுசாக மூடி டாக்டர் சரி என்று சொன்னபின்.

சாப்பாட்டில் மீன் கூடாது, சீழ் பிடிக்கும் என்பார்கள். அது தவறு, காயம் ஆறப் புரதம் வேண்டும். 55 கிலோ எடை என்றால் நாளைக்கு 65 முதல் 80 கிராம் வரை, சிறுநீரகக் கோளாறு இல்லாவிட்டால். 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம், ஒரு முட்டையில் 6, ஒரு டம்ளர் பாலில் 6 கிராம் இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குச் செய்கிற பால்சுறாப் புட்டு இதற்கும் அருமையான சாப்பாடு. கருவாட்டில் உப்பு அதிகம், ரத்தக்கொதிப்பு இருந்தால் குறையுங்கள். வலி மாத்திரை சில மலத்தை இறுக்கும். கீரை, தண்ணீர், தேவைப்பட்டால் டாக்டர் எழுதும் மருந்து. முக்கி இருக்கவிட வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் மூன்று பந்து உள்ள மூச்சுக் கருவி கொடுத்தால், அதை ஊதக் கூடாது. வாயால் உறிஞ்ச வேண்டும், விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து முறை.

கையை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொள்ளத்தான் அம்மாவுக்குத் தோன்றும். விட்டால் இரண்டு மூன்று வாரத்தில் தோள் இறுகிப்போகும். கதிர்வீச்சு சிகிச்சை வந்தால் கையைத் தலைக்குமேல் தூக்கிவைத்து அசையாமல் படுக்க வேண்டும், தோள் இறுகினால் அதைத் தொடங்கவே முடியாமல் தள்ளிப்போகும். மறுநாளிலிருந்தே துணிப்பந்தைப் பிசையவும், முழங்கையை மடக்கி நீட்டவும் சொல்லுங்கள், ஒவ்வொன்றும் 10 முறை, நாளைக்கு மூன்று வேளை. தலை சீவுவது, சாப்பிடுவது எல்லாம் அந்தக் கையாலேயே செய்யட்டும். குழாய் இருக்கும்வரை முழங்கையைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்க வேண்டாம், நீர் கூடுதலாகச் சுரக்கும். எடுத்தபின் சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே ஏறவேண்டும். தொட்ட இடத்தில் கரிக்கோடு போட்டு, மறுநாள் அதற்கு மேலே தொடப் பாருங்கள். அக்குளிலிருந்து முழங்கைவரை நரம்பு போலக் கயிறு இழுத்தால் பயப்பட வேண்டாம், நிறையப் பேருக்கு வரும், பயிற்சியில்தான் விடும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

ஆறு வாரத்துக்கு இரண்டு கிலோவுக்கு மேல் அந்தக் கையால் தூக்கக் கூடாது. ஒரு குடம் தண்ணீர் 15 கிலோ. லாரித் தண்ணீர் பிடிக்கவும் தள்ளுவண்டி தள்ளவும் வேறு ஆள்தான்.

அந்தக் கையில் இனி ஊசி, ரத்தம் எடுப்பது, பி.பி. பட்டை எதுவும் முடிந்தவரை வேண்டாம், இடது கையைக் கொடுக்கச் சொல்லுங்கள். காயம் படுவதில்தான் நம் கரையில் ஆபத்து அதிகம். சீமைக்கருவேல விறகு முறிக்கும்போது முள், மீன் ஆயும்போது கெளுத்தி முள், இறால் தலைக்கொம்பு, கடல்பாசி எடுக்கப் போனால் பாறைக் கீறல். கடல்தண்ணீர்க் கிருமி அந்தக் கையில் ஒரே இரவில் சிவந்து வீங்கவைக்கும். மீனாய ரப்பர் கையுறை போடட்டும். பாசிக்காரர்கள் விரலில் சுற்றும் துணி இதற்குப் போதாது. கீறினால் உடனே சோப்பால் கழுவி மருந்து போடுங்கள், சிவப்பு பரவினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மேல்கையின் உள்பக்கமும் அக்குளும் மரத்திருக்கும், சூடு தெரியாது. அடுப்பு, சுடுதண்ணீர்ப் பை இரண்டிலும் கவனம். இல்லாத மார்பில் அரிப்பதும் குத்துவதும் போலத் தோன்றுவதும் உண்டு. அம்மா சொன்னால் பிரமை என்று சொல்லிவிடாதீர்கள், அது நரம்பு செய்கிற வேலை.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால், காயத்தில் நாற்றமோ சீழோ வந்தால், டப்பா திடீரென்று சிவப்பான புது ரத்தத்தால் நிறைந்தால், நெஞ்சு ஒரேயடியாக உப்பினால் விடியட்டும் என்று காத்திராதீர்கள். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலும், மூச்சு வாங்கினாலும் 108.

எடுத்த சதையின் ரிப்போர்ட் ஒன்றிரண்டு வாரத்தில் வரும். எத்தனை நெறிக்கட்டி எடுத்தார்கள், எத்தனையில் நோய் இருந்தது, ஹார்மோன் மற்றும் ஹெர்-2 (புற்றணுவில் பார்க்கும் ஒரு புரதம்) பரிசோதனை முடிவு என்ன என்பதெல்லாம் தெரிந்தால்தான் கீமோ, மாத்திரை, கதிர்வீச்சு எது என்று முடிவாகும். தையல் பிரிக்கப் போகிற நாளில் அதைக் கேட்டு வாங்கி, மூலப்பிரதியைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பெட்டியில் வையுங்கள். அதே பயணத்தில், தையல்காரரிடம் கொடுக்க அம்மாவின் பழைய ரவிக்கை இரண்டை எடுத்துவையுங்கள். வலது பக்கம் உள்ளே ஒரு துணிப்பை தைத்து, முதல் ஆறு வாரம் பஞ்சு மட்டும் வைக்கலாம். கனமான சிலிகான் உருவம் காயம் நன்றாக ஆறிய பிறகு.