மெல்லிய முடி பரட்டையாகப் பறக்கிறது, க்ரீம் போட்டால் தலையோடு ஒட்டிக்கொள்கிறது. என்ன செய்யலாம்?

முடியின் வெளிப்புறத்தில் மீன் செதில் மாதிரி க்யூட்டிக்கிள் அடுக்கு இருக்கிறது. அது தூக்கிக்கொண்டால் காற்றின் ஈரம் உள்ளே புகுந்து, இழைகள் ஆளுக்கொரு பக்கம் வளையும். மெல்லிய இழை கனத்தையும் தாங்காது. அதனால் கெட்டியான க்ரீம், எண்ணெய் எல்லாம் உங்களுக்குச் சரிவராது.

முதலில் வெட்டைக் கவனியுங்கள். நுனியை ஒரே நீளத்தில் நேராக வெட்டினால் முடி அடர்த்தியாகத் தெரியும். லேயர் (படிப்படியாக நீளம் மாறும் வெட்டு) வேண்டுமென்றால் ஓரிரண்டு போதும். ரேஸரோ, அடர்த்தி குறைக்கும் பல் கத்தரியோ வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள், நுனி பிசிறிவிடும்.

கண்டிஷனர் ஒவ்வொரு முறையும் போடுங்கள், ஆனால் காதுக்குக் கீழே மட்டும். அப்புறம், ஈரமுடி எளிதில் அறுந்துவிடும். துண்டால் பரபரவென்று தேய்க்காமல், பழைய பருத்தி டி-ஷர்ட்டால் ஒற்றி எடுங்கள். நல்ல ஈரம் இருக்கும்போதே லீவ்-இன் ஸ்ப்ரேயோ (கழுவாமல் முடியிலேயே விடுவது), மூஸோ (நுரை மாதிரி இருப்பது) தடவுவது நல்லது. காய்ந்தபின் தடவினால் பிசுபிசுப்புதான் மிஞ்சும். ட்ரையரை மிதமான சூட்டில், காற்று வேரிலிருந்து நுனி நோக்கிப் போகும்படி பிடியுங்கள். முழுதும் காயும்வரை முடியில் கை வைக்காதீர்கள் (இதுதான் கஷ்டம்!).

இன்னொன்று: பலருக்குப் பரட்டையாகத் தெரிவது, காய்ந்தபின் சீவிச் சீவிக் கலைந்துபோன அலைமுடிதான். ஒருமுறை சீவாமல் தானாகக் காயவிட்டுப் பாருங்கள்.